அன்று ராத்திரியே கூட்டிப்போயிருந்தால்…

காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து 63 வயது வாசகர் ஒருவர், மனநல மருத்துவனான எனக்குப் பதினோரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அரசுப் பேருந்தில் 33 வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் அவருடைய மனைவி இறந்துவிட்டார். வயது 57. பத்து வருடமாகச் சர்க்கரை. அன்று மாலை முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர், "முதுகுல என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு, குமட்டிக்கிட்டு வருது" என்றிருக்கிறார். வாயுத் தொல்லை அவருக்குப் பழகியதுதான். இவர் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். பத்து மணிக்கு மறுபடி சொன்னபோது, "விடியட்டும், காலைல முதல் வேலையா டாக்டர்கிட்ட போயிடலாம்" என்றார். அந்த அம்மாவும் சரி என்று படுத்துவிட்டார். நாலேகாலுக்கு இவர் எழுந்து பார்த்தபோது மூச்சு இல்லை. 108 வந்தது. வந்தவர்கள் நாடி பார்த்துவிட்டுத் தலையசைத்தார்கள்.

"தூக்கத்துலயே போயிட்டா" என்றுதான் எல்லாரிடமும் சொன்னார். பெங்களூரில் இருக்கும் மகளிடமும் திருப்பூரில் இருக்கும் மகனிடமும் அதையேதான். துக்கம் கேட்க வந்தவர்கள், "புண்ணியவதி, கஷ்டப்படாம போயிட்டா" என்றார்கள். முதுகு அடைத்ததையும் ஓமத்தண்ணியையும் 'விடியட்டும்' என்றதையும் ஏழு மாதமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதன்முதலாக இந்தக் கடிதத்தில்தான் எழுதியிருக்கிறார். அதுவும் ஒன்பதாவது பக்கத்தில்.

இப்போது தனியாக இருக்கிறார். தினமும் மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முதல் வண்டி டியூட்டி பார்த்த காலத்தில் மனைவி எழுந்து டிபன் கட்டும் நேரம் அது. அடுக்களையில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்கிறதாம். ஒரு தடவை "ஏங்க" என்று கூப்பிட்டது அவ்வளவு தெளிவாகக் கேட்டு, எழுந்து போய் விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மற்றபடி அடுக்களைப் பக்கம் அவர் போவதே இல்லை. சாப்பாடு கடையில். எட்டு கிலோ இளைத்துவிட்டார். சர்க்கரை மாத்திரையைச் சித்திரையோடு நிறுத்திவிட்டார். வாரத்தில் நாலு நாள் ஒரு குவார்ட்டர், அதன் மேல் தெரிந்த மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய தூக்க மாத்திரை. படுக்கும்முன், மனைவி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்கிறார். "வர்றப்ப கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க, வாடினதை தலையில கட்டிடப் போறான், பாத்து வாங்குங்க" என்பது மாதிரி. அந்த எண்ணுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்வதை மகன் வீண்செலவு என்கிறார்.

அவர் கேட்டிருப்பவை, அவர் எழுத்திலேயே: "நான் கொலைகாரனா? எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? மகள் அனுப்பிய வீடியோவில் துக்கத்துக்கு ஐந்து ஸ்டேஜ் என்றார்கள், நான் எந்த ஸ்டேஜில் நிற்கிறேன்? வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விடலாமா? சில நாள் அவள் போன வழியே நானும் போய்விட்டால் தேவலை என்று இருக்கிறது."

ஐயா, வணக்கம்.

கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மனைவியை இழந்தவர் "நானும் போயிருக்கலாம்" என்று நினைப்பதை நான் அடிக்கடி கேட்கிறேன். அவர்களில் பலருக்கு அது செத்துப்போகும் ஆசை இல்லை, அவரோடு இருக்கும் ஆசை. ஆனால் சிலருக்கு அந்த நினைப்பு மெல்ல மெல்ல ஒரு வழியைத் தேட ஆரம்பித்துவிடும். எப்படி, எப்போது, எதை வைத்து என்றெல்லாம் யோசனை ஓடுகிறதா? உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தால் இதை நேராகவே கேட்டிருப்பேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்டால் பாரம்தான் குறைகிறது. பதில் 'ஆமாம்' என்றால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி-மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், மூன்றரை மணிக்கும் எடுப்பார்கள். பதில் 'இல்லை' என்றாலும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் தூக்க மாத்திரைகளையும் உங்கள் மனைவியின் பழைய மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

அந்த ராத்திரி

இனி ஒன்பதாம் பக்கம். "பத்து மணிக்கே போயிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது, எல்லாம் விதி" என்று நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்கும் அது பொய் என்று தெரியும். பத்து மணிக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தும் பிழைக்காமல் போயிருக்கலாம். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை, ஈசிஜி எடுக்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மாரடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். இந்த 'இருந்திருக்கலாம்'தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதை அழித்துவிடும் பதில் என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துச் சாய்வது என்றுதான் நமக்கெல்லாம் சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. பெண்களுக்கும் நெஞ்சுவலி வரும்தான். ஆனால் முதுகு, தாடை, தோள்பட்டையில் வலி, மூச்சிரைப்பு, குமட்டல், காரணம் தெரியாத அசதி இவையெல்லாம் அவர்களுக்குச் சேர்ந்து வருவது அதிகம். நெஞ்சுவலியே இல்லாமலும் வருவதுண்டு. பல வருடம் சர்க்கரை இருந்தவர்களுக்கு நரம்புகள் மரத்துப்போய் வலி சரியாகவே தெரியாமலும் போகும். மருத்துவர்களே இதை வாயு என்று நினைத்து அனுப்பிவைத்த கதைகள் உண்டு. மாதத்துக்கு இரண்டு தடவையாவது அவருக்கு இப்படி வரும், ஓமத்தண்ணியில் சரியாகிவிடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அத்தனை ராத்திரியும் சரியாகப் போன வைத்தியத்தைத்தான் அன்றும் செய்தீர்கள். உங்கள் மனைவிக்கும் அது வேறு மாதிரி என்று படவில்லை. பட்டிருந்தால் "இல்ல, இப்பவே போலாம்" என்றிருப்பார். கட்டிவைத்த கொத்தமல்லியில் எது வாடியது என்று கண்டுபிடிப்பவர் அவர்.

நாலேகாலுக்குத் தெரியவந்த ஒன்றை வைத்துக்கொண்டு, பத்து மணிக்கு உட்கார்ந்திருந்த மனிதருக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். வண்டி கவிழ்ந்தபின், அந்த வளைவில் டிரைவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் கணிப்பு பிசகிவிட்டது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பிசகுக்கும் கொலைக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் நீங்கள் இந்த ஏழு மாதத்தில் தொலைத்துவிட்டீர்கள். சட்டம் பற்றியும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள்: நோயின் கடுமை தெரியாமல் விடியும் வரை பொறுத்த கணவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

(இந்தப் பத்தி மற்ற வாசகர்களுக்கு. ஐயா, நீங்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். நாற்பது தாண்டியவர்கள், குறிப்பாகச் சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள், தொப்புளுக்கு மேலே எங்கே அடைத்தாலும், வலித்தாலும், அதோடு வியர்வையோ குமட்டலோ மூச்சிரைப்போ இருந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2023-லிருந்து இருக்கிறது. போய்ப் பார்த்து வாயு என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே திரும்பி வரலாம்.)

ஸ்டேஜ் கணக்கு

ஐந்து ஸ்டேஜ் என்று உங்கள் மகள் அனுப்பிய வீடியோ எனக்கும் பல பேர் அனுப்பிவிட்டார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. 1969-இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் எழுதியது. அவர் சிகாகோவில் பேசியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பட்டியலை ஒட்டவைத்தது அப்புறம் நடந்தது. அதை வரிசையாகக் கடக்க வேண்டும் என்றோ, ஏழாவது மாதத்தில் இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்றோ எந்த விதியும் இல்லை. பஸ்ஸில் ஒவ்வொரு கட்டணக் கட்டமாக ஸ்டேஜ் க்ளோஸ் பண்ணி, டிக்கெட் கணக்கை இன்வாய்ஸில் எழுதியே பழகியவர் நீங்கள், அதனால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் துக்கத்துக்கு ரூட் போர்டு கிடையாது.

நான் நேரில் பார்ப்பதற்கு நெருக்கமாக இருப்பது வேறு ஒரு விளக்கம். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் நெதர்லாந்திலிருந்து எழுதியது. துக்கப்படுகிறவர் இரண்டு ஊருக்கு நடுவே போய்வந்துகொண்டே இருக்கிறார். ஒரு ஊரில் இழப்பு: அழுகை, நினைவு, போட்டோ. இன்னொரு ஊரில் மிச்ச வாழ்க்கை: கரண்ட் பில், பேரன், கால்வலி. ஒரே நாளில் பத்து ட்ரிப் அடிப்போம். எந்த ஊரில் நிரந்தரமாகத் தங்கினாலும்தான் சிக்கல். பொங்கலன்று பேரனின் சேட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய்க் கன்னத்தில் அறைந்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சிரிப்பு துரோகம் இல்லை. நீங்கள் அந்த ஊருக்கு ஒரு ட்ரிப் போய்வந்திருக்கிறீர்கள்.

அதே சமயம், எவ்வளவு காலமானாலும் துக்கம் இப்படித்தான் என்று சொல்லி உங்களை அனுப்பிவிடவும் மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'நீடித்த துக்கம்' என்று ஒன்று இப்போது இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் அதே கூர்மையில் நின்று, அன்றாட வாழ்க்கை நகரவே முடியாமல் போனால் அதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. அமெரிக்க மருத்துவர்கள் 2022-இல் ஒரு வருடம் என்று வைத்தார்கள். நம் வீடுகளில் தலைதிவசம் வரைக்கும் பண்டிகை கொண்டாடாமல், கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது வழக்கம். அதனால் எனக்கு ஒரு வருடக் கணக்கு பொருத்தமாகப் படுகிறது. கடிதத்தை வைத்து நோய் என்று முத்திரை குத்த முடியாது. ஆனால் அடுக்களைக்குள் போகாமலிருப்பது, சாப்பாடு குறைந்தது, மாத்திரையை விட்டது, போய்விடலாம் என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து வருவதால், தலைதிவசம் வரை பார்க்கலாம் என்று விட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். இந்த வாரமே போங்கள். "மனநலம்" என்ற போர்டைப் பார்த்துக் கூச்சமாக இருந்தால், தூக்கமில்லை என்று சொல்லியே உள்ளே போங்கள். மிச்சத்தை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

மாத்திரை கொடுத்தால் துக்கம் போய்விடுமா என்று சிலர் கேட்பார்கள். 2016-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வில், நீடித்த துக்கத்துக்கென்றே வடிவமைத்த பேச்சு சிகிச்சை நன்றாக வேலை செய்தது. அதோடு மனச்சோர்வு மாத்திரை சேர்த்ததால் துக்கம் கூடுதலாகக் குறையவில்லை, சோர்வு குறைந்தது. உங்களுக்குச் சோர்வும் சேர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் மாத்திரை தேவைப்படலாம், பயப்படாதீர்கள். உங்கள் மனைவியை மறக்கடிக்கும் மாத்திரை எதுவும் இன்னும் வரவில்லை.

அடுக்களைச் சத்தம்

உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. வேல்ஸ் நாட்டுக் கிராமப்புற மருத்துவர் டெவி ரீஸ் என்பவர், துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி 1971-இல் ஒரு கட்டுரை எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்தோம், குரல் கேட்டோம், சிலர் பார்த்தோம் என்றே சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை, உங்களைப் போலவே. பலருக்கு அது பயத்தைவிட ஆறுதலாகத்தான் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் மூன்றரை மணிக்கு ஒரே சத்தத்தைக் கேட்ட காது, அந்த நேரம் வந்ததும் அதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. என் அப்பா போய் 11 வருடம் ஆகிறது. இரும்பு கேட் கொக்கி விழும் சத்தம் கேட்டால் இன்னமும் நான் புத்தகத்தை மூடுகிறேன்.

அந்தக் குரல் உங்களைத் திட்டினாலோ, "நீயும் வா" என்று கட்டளையிட்டாலோ, பகலெல்லாம் கேட்டாலோ மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். குடியைத் திடீரென்று நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுக்கத்தோடு உருவங்கள் தெரிந்தாலும் அப்படித்தான். அது துக்கம் இல்லை, உயிருக்கு ஆபத்தான வேறு விஷயம்.

குவார்ட்டரும் மாத்திரையும்

இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். சாராயமும் தூக்க மாத்திரையும் தனித்தனியாகவே மூச்சை மந்தப்படுத்துபவை. சேர்ந்தால், தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். ஊருக்கு நீங்கள் சொன்ன அந்த வாசகம் உங்கள் விஷயத்தில் உண்மையாகிவிடும். தூங்குவதற்காகக் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குடித்தால் முதல் மூன்று மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வரும், சரக்கு இறங்கியதும் தூக்கம் உடைந்துவிடும். மூன்றரை விழிப்பில் பாதி உங்கள் டியூட்டிப் பழக்கம், மீதி குவார்ட்டர். ஆனால் இரண்டையும் இன்றே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்; மாத்திரையை, கொடுத்து வைத்தவரிடமிருந்து அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதையும் குறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி படிப்படியாக விடுங்கள். அதுவரை ஒரே ராத்திரியில் இரண்டும் கூடாது.

சர்க்கரை மாத்திரையை நிறுத்தியது எனக்கு இன்னும் கவலை. 1969-இல் காலின் மர்ரே பார்க்ஸும் கூட்டாளிகளும் பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயது தாண்டிய 4,486 ஆண்களின் கணக்கை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களில் இறந்தவர்கள், அதே வயதுள்ள மணமான ஆண்களைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். இதய நோய்தான் முக்கியக் காரணம். அதன்பின் அந்த வேறுபாடு மெல்லக் குறைந்துவிட்டது. நீங்கள் அந்த ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் மாத்திரையில்லாமல். ஒருவேளை மாத்திரையை விட்டதும் உங்களுக்கு நீங்களே போட்ட தண்டனையோ என்று எனக்குத் தோன்றுகிறது. நாளைக் காலை வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை, ஒரு ஈசிஜி.

ஒரு யோசனை. மூன்றரைக்கு விழித்தால் படுக்கையில் கிடக்காதீர்கள். அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்து ஒரு டீ போடுங்கள். முதல் வாரம் டீ மட்டும். அங்கே அழுகை வந்தால் அங்கேயே அழுங்கள். நாலரைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போங்கள். முதல் வண்டி எடுக்க வரும் டிரைவர், கண்டக்டர்களில் பாதிப் பேருக்கு உங்களைத் தெரியும். அங்கே யாரும் உங்களுக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை, பேட்டா பற்றியும் ஸ்பேர் பஸ் பற்றியும்தான் பேசுவார்கள். உங்களுக்கு இப்போது அது போதும். இரண்டாவது வாரம் சாதம், மூன்றாவது வாரம் ரசம். 63 வயதில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்ட ஆண்கள் என் கிளினிக்கில் நிறைய உண்டு. முதல் ரசம் குடிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர்த் துக்க வீடுகளில் எனக்கு ஒரு குறை உண்டு. பெண்கள் உள்ளே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்து, என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லி அழுவார்கள். புதிதாக ஒருத்தர் வரும்போதெல்லாம் கதை மறுபடி ஆரம்பிக்கும். ஆண்கள் வெளியே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி சொல்லியாச்சா, பந்தலுக்கு எவ்வளவு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நடந்ததுதான் சிகிச்சை. நீங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்து பதினாறாம் நாள் காரியம் வரை எல்லாச் செலவுக்கும் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அந்தக் கணக்கு ஒரு பக்கம் இருக்கிறது.

மகளிடம் சொல்வதா

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் பதினோரு பக்கமும் இதைத்தான் சுற்றிச்சுற்றி வருகிறது. சொல்லாமலே இருந்துவிடலாம். அது உங்கள் உரிமை. அதில் ஒரு விலை இருக்கிறது. மகள் போனில் "அம்மா கஷ்டப்படலேல்லப்பா" என்று கேட்கும்போதெல்லாம் நீங்கள் பேச்சை முடித்துவிடுகிறீர்கள். மனைவியோடு மகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிறீர்கள்.

சொல்வதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளைகளுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்றுதான் நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வோம். உங்கள் மகளும் மகனும் இப்போதே பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டியவர்கள். "தூக்கத்துலயே போயிட்டா" என்ற வரியில் அந்தத் தகவல் காணாமல் போய்விட்டது.

சொல்வது என்று முடிவெடுத்தால், முதலில் மனநல மருத்துவரிடமோ, உங்கள் பழைய டிரைவர் நண்பரிடமோ ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். காகிதத்தில் எழுதியது வேறு, குரலில் வருவது வேறு. அப்புறம் பிள்ளைகள் இருவரிடமும், முடிந்தால் ஒன்றாக, நேரில். போனில் வேண்டாம், குடித்துவிட்டு வேண்டாம், தலைதிவசத்தன்று வேண்டாம். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள். மன்னிப்பை உடனே கேட்டு வாங்கிவிடப் பார்க்காதீர்கள். அவர்களுக்குக் கோபம் வரலாம். "அப்பவே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்று மகள் கத்தலாம், சில நாள் பேசாமல் இருக்கலாம். அந்த ஆபத்து நிஜமானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளிடமும் ஒரு கணக்கு இருக்கும். அந்த வாரம் அம்மாவின் போனை எடுக்காமல் விட்டது, தீபாவளிக்கு முன்னாடியே வருகிறேன் என்று சொல்லி வராதது. நீங்கள் வாய் திறந்தால் அதுவும் வெளியே வரும்.

வீடு

பெங்களூருக்குப் போவது பற்றி: ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. எட்டாவது மாடியில், தமிழ் டீக்கடை இல்லாத தெருவில், பகலெல்லாம் தனியாக உட்கார முடிகிறதா என்று அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். பிடித்தால் நீட்டியுங்கள். முதல் வருடத்தில் திருப்பிப் போட முடியாத முடிவு எதையும் எடுக்க வேண்டாம் என்பது நான் எல்லாருக்கும் சொல்வது. வீட்டை விற்பது அந்த ரகம்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. வீடு மனைவி பெயரில் இருந்தது, அவர் போனதும் உங்களுக்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து, 1956-ஆம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். உங்கள் வீட்டில் மூன்று பங்கு. நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது, மகன் அவசரப்படுத்தி விற்கவும் முடியாது. இதற்கு மேல் வக்கீலைக் கேளுங்கள், நான் மனநல மருத்துவன்.

சேலைகளைக் கொடுப்பதிலும் அவசரம் வேண்டாம். பீரோவைக் காலி செய்தால்தான் மனம் ஆறும் என்று உறவுக்காரர்கள் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மகளும் மருமகளும் வரும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளட்டும், மிச்சம் இருக்கட்டும். ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரைக்குப் போக மனமில்லை என்கிறீர்கள். மனமில்லாவிட்டால் வீட்டிலேயே ஒரு கைப்பிடிச் சோறு காக்கைக்கு வையுங்கள், யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். ஆனால் பதினெட்டாம் பெருக்கும் தீபாவளியும் வருமுன்னே உடம்பு ஒரு வாரமாகவே பதறத் தொடங்கும். முறுக்கு சுடும் வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வரும். அந்த வாரம் தனியாக இருக்காதபடி இப்போதே மகனிடமோ மகளிடமோ பேசி வையுங்கள்.

ரீசார்ஜ் பற்றி மகன் சொல்வதைக் கேட்க வேண்டாம். அது உங்கள் பென்ஷன் பணம். விட்டுவிட்டால் அந்த எண் கொஞ்ச காலத்தில் வேறு யாருக்காவது போய்விடும், வாட்ஸ்அப்பும் அதோடு போகலாம். ஆனால் அந்தக் குரல்கள் எல்லாம் உங்கள் பழைய போன் ஒன்றில் மட்டும் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தால் போச்சு. ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பையனிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பென்டிரைவில் ஏற்றித் தருவான். இரண்டாகப் போடச் சொல்லுங்கள், ஒன்று மகளுக்கு.

அடுத்த கடிதம் எழுதும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவு எவ்வளவு வந்தது என்பதை மறக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.